ஒரு அரியருக்கு நகையை வைக்கலாமா?

விருதுநகரிலிருந்து என்னிடம் யோசனை கேட்க வந்த அம்மா, மகளின் மார்க்‌ஷீட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கண் கலங்கினார். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், மூன்றாவது செமஸ்டர், டிஸ்கிரீட் மேத்ஸில் அரியர். "பரவாயில்லைம்மா, எழுதிக்கலாம்" என்றேன். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. "கணக்கை எப்படியோ தள்ளிட்டு, சென்னையில ஒன்றரை லட்சத்துக்கு ஏஐ கோர்ஸ் சேர்த்துடுங்கன்னு அவ பெரியப்பா சொல்றார். நகையை வைக்கலாம்னு இருக்கோம்."

வைக்காதீர்கள். ஏஐ பாடங்கள், ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய்.

உங்கள் மகளின் நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கம் முழுக்கப் புள்ளியும் கோடும். "இதென்ன?" என்றேன். "கல்யாண வீட்டுல யார் யாரோட கை குலுக்கினாலும் சரி, ஒற்றைப்படைத் தடவை குலுக்கினவங்க எண்ணிக்கை எப்பவும் இரட்டைப்படைதான் சார்." ஏன்? "ஒரு குலுக்கல்னா ரெண்டு பேர் கணக்குல ஏறுது. மொத்தம் இரட்டைப்படைதானே வரும்!" ஆளைப் புள்ளியாகவும் குலுக்கலைக் கோடாகவும் பார்க்கும் கிராஃப் தியரியின் முதல் தேற்றம் இது; அவள் தோற்ற டிஸ்கிரீட் மேத்ஸின் ஒரு பகுதி. 13 மார்க் விடைகளை மனப்பாடம் செய்யப் போய்த்தான் தோற்றிருக்கிறாள். கணக்கு வராமல் இல்லை.

கேம்பஸ், ஐ.டி. கம்பெனி பற்றிப் பெரியப்பாவுக்கே தெரியும். அவர் சொல்லாத இடம் ஒன்று சிறுசேரி சிப்காட்டுக்குள்ளேயே இருக்கிறது: சென்னை கணிதவியல் கழகம், சி.எம்.ஐ. 1989-இல் தொடங்கியது. அங்கே இரண்டு வருட எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு பி.இ. முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வு உண்டு. அதில் கேட்பது கணங்கள், உறவுகள், எண்ணும் முறைகள், புறாக்கூண்டுத் தத்துவம், கிராஃப், ஆட்டோமேட்டா, அல்காரிதம். அதாவது, அவள் அரியர் வைத்திருக்கும் பாடம்தான் அங்கே வாசற்படி. பழைய வினாத்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன. வாரம் ஒரு தாள் போடட்டும். விடை தெரியாவிட்டாலும் ஒரு மணி நேரம் முட்டிப் பார்க்கட்டும். கட்டணம், சலுகை எல்லாம் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துப் பேசுவோம். எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வை எழுத நினைத்தாலும் இந்த உழைப்பு வீணாகாது; அங்கே கணிதத்துக்கு 13 மதிப்பெண், டிஸ்கிரீட் அதில் ஒரு பகுதி.

அவளிடம் தனியாகக் கேட்டேன். "ஏஐ பிடிக்கலைன்னு இல்லை சார், இந்தப் புள்ளிக் கணக்குதான் தூக்கத்துல வருது" என்றாள். எனக்கு அது போதும். நகை பீரோவிலேயே இருக்கட்டும். பெரியப்பா கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடுங்கள்.