சர்ரா ஒட்டுண்ணி தன்னை மறைத்துக்கொண்டே எப்படி உண்கிறது?

கேள்வி இதுதான்: மாட்டின் இரத்தத்தில் வாழ்ந்து சர்ரா என்ற நோயைத் தரும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியான டிரிப்பனோசோம் தன் மேலுறையை மாற்றி மாற்றி நோயெதிர்ப்பிலிருந்து தப்புகிறது என்றால், உணவை உள்வாங்கும் ஏற்பிகளையும் அது மறைத்தாக வேண்டும், மறைத்துவிட்டால் எப்படி உண்ணும்?

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கடி ஈக்கள் பெருகும் நாட்களில், விட்டுவிட்டுக் காய்ச்சல் கண்டு இளைத்துப்போகும் மாட்டின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஜீம்சா சாயமிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதில் தென்படும் டிரிப்பனோசோமா இவான்சி, 1880-இல் அன்றைய பஞ்சாபில் கிரிஃபித் இவான்ஸ் குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் கண்டறிந்த அதே உயிரி. கீழே சொல்லப்போகும் மூலக்கூறு விவரங்களில் பெரும்பாலானவை அதன் நெருங்கிய உறவான ஆப்பிரிக்க டிரிப்பனோசோமா புருசியை வைத்து ஆராயப்பட்டவை.

இந்த ஒற்றைச் செல்லின் மேல் ஏறத்தாழ 1 கோடி புரத மூலக்கூறுகள், ஒரே வகையைச் சேர்ந்தவை, இடைவெளியின்றி நெருங்கி நிற்கின்றன. மாட்டின் உடல் அந்த வகைக்கு எதிர்ப்பொருள் தயாரித்து முடிப்பதற்குள் ஒட்டுண்ணிக் கூட்டத்தில் சில வேறு வகையை அணிந்துவிடுகின்றன. குளுக்கோஸ் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கு இந்த உறை தடையே இல்லை. அவை இடுக்குகளில் நுழைந்து, அடியில் சவ்வுக்குள் பதிந்திருக்கும் கடத்திப் புரதங்களை அடைகின்றன. எதிர்ப்பொருளோ உருவத்தில் பெரியது; அவ்வளவு ஆழத்துக்கு அதனால் எளிதில் எட்ட முடியாது.

சிக்கல் பெரிய மூலக்கூறுகளில்தான். இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அந்த வழியாக உள்ளே நுழையாது. ஏற்பி அதைப் பிடித்து, சவ்வோடு சேர்த்து உள்ளே இழுக்க வேண்டும். இதற்கென்று இந்த உயிரி ஒதுக்கிய இடம், கசையிழை (நீந்த உதவும் வால் போன்ற இழை) புறப்படும் அடிப்பகுதியில் உள்ள ஒரு சிறு பை. செல் மேற்பரப்பில் சுமார் 5 விழுக்காடே இருந்தாலும், வெளியிலிருந்து பொருளைச் சவ்வோடு உள்ளிழுக்கும் வேலை முழுவதும் அங்கேதான் நடக்கிறது. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியும், ஹீமோகுளோபினைச் சுமந்த ஹாப்டோகுளோபின் என்ற இரத்தப் புரதத்தைப் பிடிக்கும் ஏற்பியும் பெரும்பாலும் அந்தப் பைக்குள்ளேயே இருக்கின்றன. பின்னதன் எண்ணிக்கை ஒரு செல்லுக்குச் சில நூறுதான். பையின் வாய் குறுகலானது. மாட்டின் வெள்ளணுக்கள் உள்ளே வர இயலாது.

அந்தப் பையின் இன்னொரு வேலை எனக்கு இதைவிட வியப்பளிக்கிறது. மேலுறைப் புரதத்தில் எதிர்ப்பொருள் வந்து ஒட்டிக்கொண்டால், ஒட்டுண்ணி முன்னோக்கி நீந்தும்போது எழும் நீரோட்டமே அதைப் பின்புறமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பையில் சேர்க்கிறது. வெண்ணாற்றில் மிதந்து வரும் ஆகாயத்தாமரை மதகடியில் ஒதுங்குவதைப் போல. உள்ளே போனதும் எதிர்ப்பொருள் செரிக்கப்படுகிறது, உறைப்புரதம் மட்டும் மேற்பரப்புக்குத் திரும்புகிறது. உறை முழுவதும் இவ்வாறு ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 நிமிடங்கள் போதும்.

ஆனால், எதைப் பிடிக்கிறோம் என்று ஏற்பி ஆராய்வதில்லை. மனித இரத்தத்தில் ஏபோஎல்1 என்றொரு புரதம், ஹாப்டோகுளோபினை ஒத்த இன்னொரு புரதத்தோடு சேர்ந்து திரிகிறது. ஒட்டுண்ணி அதை ஹீமோகுளோபின் சுமை என்று எண்ணி விழுங்கினால், உள்ளே சவ்வுகளில் துளை விழுந்து சாகிறது. மாட்டுக்கு இந்தப் புரதம் கிடையாது. ஆகவேதான் சர்ரா மாட்டுக்கு வருகிறது, நமக்குப் பொதுவாக வருவதில்லை. 2005-இல் வெளியான ஓர் அறிக்கை, மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவருக்கு இந்த நோய் கண்டதைப் பதிவு செய்தது. அவருடைய ஏபோஎல்1 மரபணுவின் இரு படிகளும் பழுதாகி, இரத்தத்தில் அந்தப் புரதமே இல்லாதிருந்தது பின்னர் தெரிந்தது. என் பார்வையில் மேலுறை மாற்றத்தைவிட இந்த உண்மைதான் இவ்வுயிரியைப் பற்றி அதிகம் சொல்லித்தருகிறது. பாடநூல்கள் ஏனோ உறையோடு நின்றுவிடுகின்றன.

சர்ராவுக்கு நாங்கள் போடும் டைமினசின் ஊசியும் இதே போன்ற ஏமாற்றில்தான் வேலை செய்கிறது. டிஎன்ஏவைக் கட்டத் தேவையான பியூரின்களை இந்த ஒட்டுண்ணியால் தானே தயாரிக்க இயலாது; அவற்றைத் தரும் அடினோசினை மாட்டிடமிருந்து எடுக்க பி2 என்ற கடத்தியை வைத்திருக்கிறது, மருந்து பெரும்பகுதி அதன் வழியாகவே நுழைகிறது. எடையைக் கண்ணால் மதித்துக் குறைவாக ஊசி போடும்போது, பி2 பழுதான ஒட்டுண்ணிகள் மிஞ்சிப் பெருக இடம் உண்டாகிறது. அவை பட்டினியாலும் சாவதில்லை, ஏனென்றால் பி1 என்ற வேறொரு கடத்தியும் அடினோசினைக் கொண்டுவருகிறது. ஆனால் அந்த விவசாயிக்குக் கொடுக்கப்பட்ட சூரமின் என்ற மருந்து பி2-வை நம்பியிருக்கவில்லை. அது மேற்பரப்பிலுள்ள ஐஎஸ்ஜி75 என்ற புரதத்தோடு சேர்ந்து, மேலே சொன்ன பையின் வழியாகவே உள்ளே போகிறது. ஆகவே பி2 பழுதாவதால் மட்டும் சூரமினுக்கு எதிர்ப்பு உண்டாகிவிடாது.