கிளப்பே மூழ்கும்போது வீரர்கள் சம்பளத்தைக் குறைத்தால் என்ன?

2025 ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி கால்பந்து கிளப் தன் வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தியபோது, அல்சூர் டீக்கடையில் எங்களுக்குள் இதே சண்டைதான்.

சம்பளம் என்பது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். வீரர் சம்மதிக்காமல் கிளப் தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், 15 நாள் கெடு கொடுத்து, அப்போதும் வராவிட்டால் அவர் விலகலாம் என்கிறது ஃபிஃபா விதி. அவரை வேறு கிளப்புக்கு மாற்றினால் கிடைத்திருக்கும் பணமும் போச்சு! மெஸ் மாஸ்டருக்குச் சம்பளம் தராமல் பாருங்கள். மூன்றாம் மாதம் எதிர்க்கடை அடுப்பில் நிற்பார், அவர் சாம்பாருக்காக வந்தவர்களும் அங்கேதான்.

சம்பளம் நின்றதற்கு வீரர்களின் பேராசைதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். இல்லவே இல்லை. இந்தக் கிளப்புகள் ஆடும் இந்தியக் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல்லை நடத்தும் உரிமை ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது; புதுப்பிக்காததால் சீசனே கேள்விக்குறியானது. மேட்ச் நடக்குமா என்றே தெரியாதபோது ஸ்பான்சர் எதை நம்பிப் பணம் தருவார்?