வேட்பாளருக்குக் கைவைத்து ஜெபிக்கலாமா?

கிறிஸ்துவுக்குள் அன்பான அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

நான் வியாசர்பாடியில் ஒரு சுயாதீன சபையின் விசுவாசி. கடந்த தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு ஆராதனையில் எங்கள் பாஸ்டர் ஒரு வேட்பாளரை மேடைக்கு அழைத்து, தலையில் கைவைத்து ஜெபித்தார். “தேவன் இவரை எனக்கு வெளிப்படுத்தினார், இவருக்கு எதிராக வாக்களிப்பவர்கள் தேவசித்தத்துக்கு எதிராக நிற்கிறார்கள்” என்றார். பிறகு தனியாகக் கேட்டபோது ரோமர் 13-ஐ வாசித்துக் காட்டினார். ஆனால் எண்ணூரில் எண்ணெய் படர்ந்து மீனவர்கள் தொழில் இழந்திருந்த நாட்களில், ஒரு மனு கொடுக்கலாம் என்று வாலிபர் கூட்டத்தில் நான் சொன்னதற்கு, “சபைக்குள் அரசியல் வேண்டாம்” என்றவரும் அவர்தான். எது அரசியல், எது ஊழியம்? நான் இந்தச் சபையில் தொடர வேண்டுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பாஸ்டர் காட்டிய வேதபகுதி அவர் செய்த காரியத்துக்குப் பொருந்தாது. ரோமர் 13 ஏற்கெனவே ஆளுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. அவர்களுக்கு வரி செலுத்தவும், செலுத்த வேண்டிய மரியாதையைச் செலுத்தவும் சொல்கிறது. வேட்பாளர் இன்னும் ஆளுகிறவர் அல்லர். ஆளும் பொறுப்பைத் தரும்படி நம்மிடம் கேட்டு வருபவர். நீரோவின் காலத்தில் அந்த நிருபத்தைப் பெற்ற ரோமாபுரி விசுவாசிகளுக்குப் பேரரசனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. அந்த உரிமையை உங்கள் கையிலிருந்து வாங்கித் தன் கையில் வைத்துக்கொள்ளப் பாஸ்டருக்கு இடம் தருகிற வரி எதையும் பவுல் எழுதவில்லை. எல்லா விசுவாசிகளும் ஆசாரியர்கள் என்று பிரசங்கிக்கிற சபை, வாக்குச்சீட்டு விஷயத்தில் மட்டும் ஒரு பிரதான ஆசாரியரை ஏற்படுத்திக்கொள்வது விந்தைதான்.

ஆளுகிறவர்களுக்கும்கூட அந்தப் பகுதி வரம்பற்ற கீழ்ப்படிதலைத் தரவில்லை. “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது” என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று சொன்ன அப்போஸ்தலரும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறார்கள். ரோமர் 13-ஐத் தனியே பெயர்த்தெடுத்த சபைகளுக்கு நேர்ந்ததை வரலாறு பதிவு செய்திருக்கிறது. ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சியைத் தேவனுடைய செயலாகவே கொண்டாடிய திருச்சபையினர் இருந்தார்கள். அவர்களை மறுத்து, திருச்சபைக்குக் கிறிஸ்துவைத் தவிர வேறு ஆண்டவர் இல்லை என்று 1934 மே மாதம் பார்மனில் அறிக்கை வெளியிட்டவர்கள் சிறு தொகையினரே. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசுக்கு முட்டுக்கொடுக்க இதே பகுதி பயன்படுத்தப்பட்டதைக் கடுமையாகக் கண்டித்து, 1985-இல் அந்நாட்டு இறையியலாளர்கள் கைரோஸ் ஆவணத்தை வெளியிட்டார்கள்.

வெளிப்பாட்டைப் பற்றிய உங்கள் பாஸ்டரின் பேச்சு எனக்கு 1 இராஜாக்கள் 22-ஐ நினைவூட்டியது. போருக்குப் போகலாமா என்று இஸ்ரவேலின் ராஜா ஆகாப் கேட்டபோது ஏறக்குறைய நானூறு தீர்க்கதரிசிகள் ஒரே வாயாக, போம், கர்த்தர் ஜெயம் தருவார் என்றார்கள். மிகாயா என்ற இன்னொரு தீர்க்கதரிசியை அழைத்துவரப் போன ஆள், மற்றவர்கள் சொன்னதுபோல நீரும் நல்லதாகவே சொல்லிவிடும் என்று அக்கறையோடு புத்தி சொல்லித்தான் கூட்டிவந்தான். மிகாயா மாற்றிச் சொன்னார், கன்னத்தில் அறை வாங்கினார், சிறைக்குப் போனார். ராஜா போருக்குப் போய் மாண்டான். அந்த நானூறு பேரும் கர்த்தருடைய நாமத்தில்தான் பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, தெய்வ கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைக்க முயல்வதைத் தேர்தல் முறைகேடுகளில் ஒன்றாகச் சொல்கிறது. வேட்பாளரோ, அவருடைய முகவரோ, அவர் சம்மதத்தோடு வேறொருவரோ அதைச் செய்தால் அது பொருந்தும். வேட்பாளர் மேடையில் தலைகுனிந்து நிற்கும்போது, அவருக்குச் சம்மதமில்லை என்று வாதிடுவது கடினம். வழிபாட்டு இடத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதை 1988-ஆம் ஆண்டின் மத நிறுவனங்கள் குறித்த சட்டமும் தடுக்கிறது. ஆளும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லி வாசிக்கப்பட்ட வேதபகுதி, நாட்டின் சட்டத்தை மீறிய ஒரு செயலுக்கு ஆதாரமாகிவிட்டது.

இனி உங்களுடைய முக்கியமான கேள்வி. “சபைக்குள் அரசியல் வேண்டாம்” என்பதை நம் சபைகள் ஒருபோதும் முழுமையாகக் கடைப்பிடித்ததில்லை. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது சபைப் பிரிவுகளைக் கடந்து எதிர்த்தோம்; 2004-இல் அது திரும்பப் பெறப்பட்டபோது நன்றி செலுத்தினோம். அதை எவரும் அரசியல் என்று குறை கூறவில்லை. அது நம்மைத் தொட்ட விஷயம். அண்டை வீட்டாரைத் தொடுகிற விஷயம் மட்டும் அரசியலாகிவிடுகிறது. 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது அரிசியும் போர்வையும் கொண்டுபோவது ஊழியம், எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்பது அரசியல் என்று பிரித்துவைப்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. ஆகாப் அபகரித்த நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பற்றி எலியா தீர்க்கதரிசி அந்த ராஜாவின் முகத்துக்கு நேரே கேட்டார். சுவிசேஷ அறிவிப்பும் சமூக, அரசியல் ஈடுபாடும் இரண்டுமே கிறிஸ்தவக் கடமை என்று 1974-இல் லோசான் உடன்படிக்கை சொன்னது; இவற்றை ஒன்றுக்கொன்று எதிரானவையாகச் சில வேளைகளில் எண்ணியதற்காக மனஸ்தாபமும் தெரிவித்தது. அதை எழுதியவர்கள் நம்மைப் போன்ற இவாஞ்சலிக்கல் மக்களே.

இந்த மௌனங்களில் மிகப் பெரியது 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையைப் பற்றியது. அந்த ஆணை முதலில் இந்துக்களை மட்டும் பட்டியல் சாதியினராக, அதாவது அதற்கான இடஒதுக்கீட்டுக்கு உரியவர்களாக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் ஞாயிறுதோறும் நிரம்புகிற கூடங்களில் எத்தனை குடும்பங்களின் சான்றிதழில் ஒரு மதமும் வாழ்க்கையில் வேறொன்றும் இருக்கிறது என்பது எல்லாப் பாஸ்டர்களுக்கும் தெரியும். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் படிப்பையும் ஞானஸ்நானத்தையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்தது அவர்கள் அல்லர். ஆனால் வேட்பாளர் மேடைக்கு வந்த அன்று, இதைக் குறித்து உங்கள் நிலைப்பாடு என்ன என்று எவரேனும் கேட்டார்களா? கேட்டிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஓரளவு பொருள் இருந்திருக்கும். அதற்கும் ஆராதனை மேடை இடமன்று, தெருமுனைக் கூட்டம்தான் இடம்.

உங்கள் பாஸ்டரை நான் கெட்டவராக எண்ணவில்லை. வாடகைக் கூடத்தில் சபை நடத்துபவர், ஒலிபெருக்கிப் புகாருக்காகக் காவல் நிலையத்துக்கும், கட்டடப் பிரச்சினைக்காக மாநகராட்சி அலுவலகத்துக்கும் அலைகிறவர். செல்வாக்குள்ள ஒருவருடைய தொலைபேசி எண் கையில் இருப்பது அவருக்குப் பெரிய பாதுகாப்பாகத் தோன்றும். அந்தப் பயம் நியாயமானது. அதற்கு விலையாக விசுவாசிகளின் மனச்சாட்சியைக் கொடுத்ததுதான் தவறு. அதிகாரத்தில் உள்ளவர்களுக்காக ஜெபிக்கும்படி 1 தீமோத்தேயு 2 சொல்கிறது. தொகுதியின் எல்லா வேட்பாளர்களுக்காகவும், எவரையும் மேடையேற்றாமல், சபை ஜெபிக்கலாம்.

சபையை விட்டு இப்போதே விலக வேண்டாம். ஒருமுறை கேட்டீர்கள், வசனத்தால் பதில் வந்தது. மத்தேயு 18 காட்டும் அடுத்த படி, மூப்பர் ஒருவரையோ இருவரையோ உடன் அழைத்துக்கொண்டு பேசுவது. அடுத்த தேர்தலில் எந்த வேட்பாளரும் மேடையேற மாட்டார் என்ற உறுதியை மட்டும் கேளுங்கள். நடந்ததற்குப் பகிரங்க மன்னிப்பு கேட்கச் சொல்லி அவரை மூலையில் தள்ளாதீர்கள். எதிராக வாக்களித்தவர்களைச் சபிப்பதும் ஒதுக்குவதும் தொடர்ந்தால், அப்போது வேறு சபை தேடலாம். மனுவுக்குச் சபையின் முத்திரை தேவையில்லை. வாலிபர் கூட்டத்தில் சம்மதிக்கிறவர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையொப்பமிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.