வாசகர் கேள்வி: ஒற்றை மூக்கில் மூச்சுவிடும் கஞ்சன்

கேள்வி: அரபு இலக்கியத்தில் ‘ஹிஜா’ என்பது வசைபாடுதல் என்று படித்தேன். அது வெறும் ஏச்சுதானா? நம் காளமேகப் புலவரைப்போல் எள்ளி நகையாடியவர்கள் அங்கே இல்லையா?
— வாசகர், சூலியா தெரு, பினாங்கு

பதில்: ஏச்சுக்குக் குறைவில்லை. உமையா மரபைச் சேர்ந்த கலீஃபாக்கள் ஆண்ட காலத்தில் ஜரீர், ஃபரஸ்தக் என்ற இரு கவிஞர்கள், ஒருவர் எடுத்த யாப்பிலும் இயைபிலுமே மற்றவர் விடையிறுக்க வேண்டும் என்ற முறையில், ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஒருவர் குலத்தை மற்றவர் இழித்துப் பாடினார்கள்.

நீங்கள் தேடுபவர் பாக்தாதில் வாழ்ந்த இப்னு அர்-ரூமி (836–896). ஈசா என்ற கஞ்சனைப் பற்றிய அவர் பாட்டின் கருத்து இது: என்றென்றும் வாழப்போகிறவன் அல்லன் என்றாலும் தனக்கே செலவிட மனமில்லாத ஈசா, முடிந்தால் சிக்கனத்துக்காக ஒரே மூக்குத் துளையால் மூச்சுவிடுவான். வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த முகம் கண்முன் வந்துவிடுகிறது.

பினாங்கின் நாகூர் தர்கா இருக்கும் தெருவிலிருந்து எழுதுகிறீர்கள். நாகூருக்குப் பக்கத்து ஊரான நாகையின் காத்தான் சத்திரத்தைக் காளமேகம் பாடியது நினைவிருக்கும். பொழுது சாயும்போது அரிசி வரும். குத்தி உலையில் இட ஊரடங்கும். ஓரகப்பை சோறு இலையில் விழும்போது வெள்ளி எழும். காளமேகம் நேரத்தை நீட்டிக் காட்டியதை, இப்னு அர்-ரூமி மூச்சைக் குறைத்துக் காட்டினார். ஆயினும் காத்தான் வருந்தியதும் அதே வெண்பாவுக்குப் புகழ்ச்சியாக வேறு பொருள் சொல்லிக் காளமேகம் தேற்றினார் என்பது கதை. ஈசாவின் மூக்குக்கு அப்படி மறுபொருள் சொல்ல வழியில்லை.

கூனன் ஒருவனை, பிடரியில் ஓர் அறை வாங்கி, அடுத்த அறையை எதிர்பார்த்து உடலைச் சுருக்கிக்கொண்டவன்போல் இருக்கிறான் என்றும் இப்னு அர்-ரூமி வரைந்தார். ஒரு கணத்து அசைவை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த பாட்டு அரிது. இருந்தும் கஞ்சத்தனம் அவனவன் தேடிக்கொண்டது, கூன் அப்படியன்று என்பதால் எனக்கு ஈசா பாட்டே உயர்ந்தது.

அவர் நாவுக்கு அஞ்சிய அமைச்சர் காசிம் உணவில் நஞ்சு வைத்தார் என்று பழைய நூல்கள் கூறும். நஞ்சை உணர்ந்து எழுந்த கவிஞரிடம் “எங்கே போகிறீர்?” என்றாராம் அமைச்சர். “நீர் அனுப்பிய இடத்துக்கு.” “அங்கே என் தந்தைக்கு ஸலாம் சொல்லும்.” “நான் நரகத்தின் வழியாகப் போகவில்லை.”