முதல் வில் வாங்கப் போகும் தம்பிக்கு

ஒன்டாரியோ வந்து நான்கு மாதம் ஆகிறது, மான் வேட்டைக்கு 70 பவுண்ட் காம்பவுண்ட் வில் (முனைகளில் கப்பி வைத்தது, நாணை இழுக்க 70 பவுண்ட் விசை வேண்டும்) வாங்கலாமா, எந்த பிராண்ட், லைசென்ஸ் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஹாய்ட், மாத்யூஸ், போடெக் எல்லாமே நல்ல வில்தான். வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து அவுட்டோர்ஸ் கார்டும் (மாகாண அரசின் வேட்டை அடையாள அட்டை) மான் டேக்கும் (மான் சுட அனுமதிச் சீட்டு) வாங்க வேண்டும். மற்றதை வகுப்பிலேயே சொல்வார்கள். எனக்குக் கவலை அந்த 70 பவுண்ட்தான்.

வந்த புதிதில் நானும் அதைத்தான் வாங்கினேன். பழைய வில், விலை மலிவு. அதன் இழுப்பு நீளம், அதாவது நாணை முழுதாக இழுக்கும் தூரம், 29 அங்குலம். இரு கையையும் விரித்த அகலத்தை 2.5-ஆல் வகுத்தால் நமக்கேற்ற இழுப்பு நீளம் சுமாராகக் கிடைக்கும். என் கைவிரிப்பு 66 அங்குலம், வகுத்தால் இருபத்தாறரைகூட வராது. இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வில்லை மேலே தூக்கி, உடம்பை முறுக்கித்தான் இழுத்தேன். மூன்றாம் வாரம் வலது தோள் போய்விட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க என் மனைவிதான் எனக்குச் சட்டை மாட்டிவிட்டாள்.

மானுக்கு இங்கே சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இழுப்பு எடை 18 கிலோ, அதாவது 40 பவுண்டுக்கும் கொஞ்சம் குறைவு. நான் இன்றும் 52 பவுண்டில்தான் எய்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை நேராக நீட்டி, திணறாமல் இழுக்க முடிகிற எடைதான் உங்களுக்கான எடை. மானுக்காக மரத்தின்மேல் மூன்று மணி நேரம் விறைத்துப்போய் இருந்த பிறகு அதை இழுக்கப் போகிறீர்கள்.

அப்புறம், அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடவே கூடாது. தெரிந்த பையன் ஒருவன் பேஸ்மென்ட்டில் அப்படி விட்டான். லிம்ப் (வில்லின் வளையும் கை) பிளந்து, நாண் அறுந்து முன்கையைக் கிழித்தது. கார்பன் அம்பை எய்யும் முன் லேசாக வளைத்துக் காதருகே பிடியுங்கள். நெரிகிற சத்தம் கேட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட அம்பு சிதறினால் வில் பிடித்த கைக்குள்ளேயே ஏறும்.

நம் ஆட்கள் சிலர்மேல் எனக்குக் கோபம் உண்டு. விலை உயர்ந்த வில்லோடு படம் போடுவார்கள். 20 கஜத்தில் ஐந்து அம்பை ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் சேர்க்க வராது. அதோடு காட்டுக்குப் போனால், வயிற்றில் அம்பு வாங்கிய மான் இரவெல்லாம் துடித்துக்கொண்டு அலையும்.

எனக்கு முதல் மான் கிடைக்க மூன்று வருடம் ஆனது. ஒரு விவசாயப் பெரியவருக்கு இரண்டு கோடை வைக்கோல் கட்டு அடுக்கிக் கொடுத்த பிறகுதான் அவர் நிலத்தில் வேட்டையாட அனுமதி கேட்டேன். எய்ததும் ஓடாதே, அரை மணி நேரம் பொறு என்று அவர் சொல்லியிருந்தார். 18 கஜம். கை நடுங்கக் காத்திருந்து இறங்கிப் பார்த்தேன். அம்பில் இளஞ்சிவப்பு ரத்தம், நுரை நுரையாக, நுரையீரலில்தான் பட்டிருக்கிறது. எழுபது தப்படியில், மேப்பிள் சருகுகளுக்கு நடுவே கிடந்தது.

அன்று மனைவி ஈரலை மிளகு, சீரகம் அரைத்துப் போட்டு வறுத்தாள். பெரியவருக்கு ஒரு டப்பா கொண்டுபோனேன். இப்போதும் நவம்பர் வந்தால், மான் கிடைத்ததா என்று கேட்கும் முன் அந்த ஈரலைத்தான் கேட்பார்.