பாங்காக் இரவும் ரியாத் இரவும்

கேள்வி: போன மாதம் நண்பர்களோடு தாய்லாந்து போய் வந்தேன். இரவு வாழ்க்கை என்றால் அதுதான் சார்! சவூதியில் வேலை பார்க்கும் என் மைத்துனரோ ‘இங்கேயும் ராத்திரி அமர்க்களம்தான்’ என்கிறார். சரக்கே கிடைக்காத நாட்டில் என்ன அமர்க்களம்? கதை விடுகிறாரா?

பதில்: கதை இல்லை. அவர் இரவைப் பற்றிப் பேசுகிறார், நீங்கள் சரக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள், அவ்வளவுதான்.

கோடையில் 45 டிகிரி கொளுத்தும் ஊரில் மனுஷன் வெளியே கால் வைப்பதே இஷா என்ற இரவுத் தொழுகைக்கு அப்புறம்தான். ரியாத்தில் இரவு பதினொரு மணிக்குக் கைக்குழந்தையோடு குடும்பம் குடும்பமாகக் கடைவீதியில் சுற்றுவதும், இளவட்டங்கள் நடுநிசி தாண்டியும் காபிக் கடையை விட்டு எழுந்திருக்காததும் நேற்று முளைத்த பழக்கம் இல்லை. ரமலானில் கேட்கவே வேண்டாம், நோன்பு தொடங்குமுன் விடிகாலையில் சாப்பிடும் சஹர் நேரம்வரை ஊர் தூங்காது.

புதிதாக வந்தது கேளிக்கைதான். 1980களின் தொடக்கத்திலிருந்து தியேட்டரே இல்லாமல் கிடந்த நாடு அது. படம் பார்க்க வேண்டுமென்றால் கடல் பாலம் தாண்டி பஹ்ரைனுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் துபாய்க்கு விமானம் ஏறுவார்கள், காசு அங்கே கரையும். 2016-ல் அரசு விழித்துக்கொண்டது. பொழுதுபோக்குக்கென்றே ஓர் ஆணையம் வைத்தார்கள், அதே வருடம் மதக் காவலர்களிடமிருந்து கைது செய்யும் அதிகாரத்தைப் பிடுங்கினார்கள், 2018 ஏப்ரலில் ரியாத்தில் ‘பிளாக் பாந்தர்’ திரையிட்டார்கள், 2019-ல் ‘ரியாத் சீசன்’ என்று மாதக்கணக்கில் திருவிழா, அந்த டிசம்பரிலேயே ஆணும் பெண்ணும் ஒரே மைதானத்தில் ஆடிய பிரமாண்ட இசைவிழா. எல்லாம் சொட்டு மது இல்லாமல். (1952-லிருந்து மதுவிலக்கு. 2024-ல் ரியாத்தில் ஒரு கடை திறந்தார்கள், அதுவும் தூதரகங்களில் இருக்கும் முஸ்லிம் அல்லாதவர்களுக்கென்று.) குடும்பங்களின் மொத்தச் செலவில் கலாச்சாரம், பொழுதுபோக்கின் பங்கை 2.9 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக ஏற்ற வேண்டும் என்று ‘விஷன் 2030’ என்ற நாட்டு வளர்ச்சித் திட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சந்தோஷத்துக்கே இலக்கு நிர்ணயித்த அரசு!

சரி, நீங்கள் பார்த்த தாய்லாந்துக்கு வருவோம். பட்டாயா மீனவ ஊராக இருந்தது. வியட்நாம் போரில் சண்டை போட்ட அமெரிக்கச் சிப்பாய்களை ஓய்வுக்கு அனுப்ப 1967-ல் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன, பார்கள் பெருகின. சிப்பாய்கள் போனார்கள், அந்த நாற்காலியில் சுற்றுலாப் பயணிகள் வந்து உட்கார்ந்தார்கள், போன மாதம் நீங்கள். 2023 டிசம்பரில் கேளிக்கை விடுதிகள் விடிகாலை 4 மணிவரை திறந்திருக்கலாம் என்று தளர்த்தியபோதுகூட பாங்காக், புக்கெட், சியாங் மாய் மாதிரி பயணிகள் குவியும் சில இடங்களுக்குத்தான் அந்தச் சலுகை. நீங்கள் ‘சுதந்திரம்’ என்று வாய்பிளந்து பார்த்ததில் பாதி, 1996 விபச்சாரத் தடுப்புச் சட்டப்படி அங்கே குற்றம். தாய்லாந்துக்காரர்களின் இரவு வேறு எங்கோ நடந்தது, இரவுச் சந்தையில், நூடுல்ஸ் வண்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு. அந்தப் பக்கம் போனீர்களா? உங்கள் கடிதத்தில் ஒரு தாய்லாந்துக்காரர்கூட வரவில்லையே, அதனால் கேட்கிறேன்.

ஆக ஒருவர் வருகிறவன் காசுக்காக இரவைத் திறந்து வைத்தார், இன்னொருவர் தன் மக்களின் காசு வெளியே போகாமலிருக்கத் திறந்தார். இதற்காக சவூதிக்கு மாலை போட வேண்டியதில்லை. பெண்கள் கார் ஓட்ட அனுமதி அமலுக்கு வந்தது 2018 ஜூனில், அந்த உரிமைக்காகக் குரல் கொடுத்த பெண்களைப் பிடித்து உள்ளே போட்டது அதற்கு முந்தின மாதம். தாய்லாந்தும் சளைத்ததல்ல, அரச குடும்பத்தைப் பழித்ததாக ஒரு குற்றச்சாட்டு நிரூபணமானால் 3 முதல் 15 வருடம் சிறை. ஆடலாம், பாடலாம், பேச்சில் மட்டும் கவனம். இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கும் மைத்துனருக்கும் சண்டையே வேண்டாம்.

ரியாத் சீசன் வழக்கமாக அக்டோபரில் தொடங்கும், வெயிலும் தணிந்திருக்கும். மைத்துனர் கூப்பிட்டால் போய்ப் பாருங்கள். பெட்டியில் பாட்டில் கீட்டில் வைத்துவிடாதீர்கள், பிடிபட்டால் அவர் பாடுதான் திண்டாட்டம்.