டியூபில் பால் போகும் பிள்ளை, சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நான் பேச்சு, விழுங்குதல் பயிற்சியாளர். குழந்தைகள் சாப்பிடுவது சம்பந்தமாக எதையும் கேளுங்கள். மருந்தளவு, ஆபரேஷன் பற்றியெல்லாம் உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

குறைமாதக் குழந்தையின் அம்மா: 29 வாரத்துல பிறந்தான். முதல்ல மூக்கு வழியா ரைல்ஸ் டியூப், இப்ப வயித்துல துளை போட்டு வச்ச பெக் டியூப். 14 மாசம் ஆகுது. ஸ்பூனைப் பார்த்தாலே ஓங்கரிக்கிறான். பம்ப்ல ராத்திரி பகலா பால் போகுது. எப்ப வாயால சாப்பிடுவான்?

முதலில், அவன் விழுங்குவது பாதுகாப்பானதா என்று பார்த்தார்களா? குடித்ததும் இருமல், குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி நிமோனியா இதெல்லாம் பால் மூச்சுக்குழாய்க்குள் போவதன் அடையாளம். சில பிள்ளைகளுக்கு இருமல்கூட வராமல் உள்ளே இறங்கும். பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரேயில் பார்க்கும் வீடியோ ஃப்ளூரோஸ்கோபி அதைக் காட்டிவிடும். டாக்டர் சரி என்று சொல்லாமல் ஒரு சொட்டு ஜூஸ்கூட வாயில் விடாதீர்கள்.

அவன் ஏன் பயப்படுகிறான் என்று யோசியுங்கள். சப்பி, விழுங்கி, மூச்சுவிடுவது மூன்றையும் குழந்தை சேர்த்துச் செய்யப் பழகுவது கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரத்தில். இவன் அதற்கு முன்பே பிறந்துவிட்டான். அதன்பின் அவன் முகத்துக்கு வந்ததெல்லாம் டியூப், பிளாஸ்திரி, சளி உறிஞ்சும் குழாய். வாய்ப்பக்கம் எது வந்தாலும் வலிக்கும் என்றுதான் அவன் கற்றிருக்கிறான். அதனால் ஸ்பூனைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவையுங்கள், கையில் ஆரம்பியுங்கள். நீங்கள் சாப்பிடும்போது கூட உட்காரவையுங்கள். டாக்டர் சரி என்று சொன்னபின் அவன் முன்னால் தட்டில் கொஞ்சம் கெட்டித் தயிரோ கேழ்வரகுக் கூழோ வையுங்கள். ஒரு விரல் நனைந்தால் போதும். மறுநாள் உள்ளங்கை, இன்னொரு நாள் கன்னம். உதடுவரை கொண்டுபோவது அவன் வேலை. முகத்தை நிமிஷத்துக்கு ஒருதரம் துடைக்காதீர்கள், துடைப்பதும் அவனுக்குத் தொல்லைதான். வயிறு நிறைவதும் வீட்டார் சேர்ந்து சாப்பிடுவதும் ஒன்றோடொன்று சேரட்டும். டியூபில் பால் போகும்போதும் மடியில் வைத்துப் பேசுங்கள்.

அடுத்தது பசி. நாள் முழுக்க பால் போகிறவனுக்குப் பசி எப்படித் தெரியும்? பம்பை நிறுத்தி, வேளைக்கு வேளை இடைவெளி விட்டுக் கொடுத்து, பிறகு அளவைக் குறைப்பார்கள். டாக்டரும் டயட்டீஷியனும் எடை பார்த்துச் செய்ய வேண்டியது அது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் உருவான முறையில் டியூப் பாலை வேகமாகக் குறைத்து, பிள்ளைகளைத் தரையில் ஒன்றாக உட்காரவைத்து, சுற்றிலும் உணவைப் பரப்பி விளையாட விடுவார்கள். கூடவே டாக்டர்கள் இருப்பார்கள். வேறு இடங்களில் மாதக்கணக்கில் மெதுவாகக் குறைப்பார்கள். நீங்களாக வீட்டில் குறைத்துப் பார்க்காதீர்கள்.

2 வயசுப் பொண்ணோட அப்பா: செல்போன் காட்டினாத்தான் வாயைத் திறக்கிறா.

வாய் திறக்கிறது, ஆனால் அவள் சாப்பிடவில்லை. என்ன ருசி, வயிறு நிறைந்ததா என்று எதுவும் அவளுக்குத் தெரியாது. போனை எடுத்துவிடுங்கள். நாலைந்து நாள் குறைவாகத்தான் சாப்பிடுவாள், பதறாதீர்கள். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு என்று அமெரிக்க உணவியலாளர் எல்லின் சாட்டர் பிரித்துச் சொன்னார். நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வது இதைத்தான்.

இன்னொருவர்: பசிக்கு சைப்ரோஹெப்டடின் சிரப் வாங்கிக் கொடுக்கலாமா?

அது அலர்ஜி மருந்து; தூக்கம் வரும். டாக்டர் எழுதாமல் வேண்டாம்.

ஒரு பாட்டி: தயிரைக் கையில அளைய விடச் சொல்றீங்களே. அன்னத்தைச் சிந்துறது பாவம்னு சொல்லி வளர்ந்தவங்க நாங்க. நிலாவைக் காட்டி ஊட்டித்தான் அஞ்சு பிள்ளைங்களை வளர்த்தேன்.

அம்மா, ஊட்டுவது தப்பென்று நான் சொல்லவே இல்லை. நீங்கள் நிலா காட்டி ஊட்டியபோது பிள்ளையின் முகத்தைப் பார்த்தீர்கள். வாய் திறக்கும்வரை கை காத்திருந்தது. தலையைத் திருப்பினால் போதும் என்று விட்டீர்கள். செல்போன் காட்டித் திணிப்பதில் இது எதுவுமே இல்லை. நான் கேட்பது ஒரு ஸ்பூன் தயிர்தான். கீழே பழைய துணி விரியுங்கள். மிச்சத்தைக் காக்கைக்கு வையுங்கள்.

வேறொருவர் (பாட்டிக்கு ஆதரவாக): அதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம் சார். நம்ம ஊருக்கு ஒத்துவராது.

புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி பாடியிருக்கிறார்: நெய்ச்சோற்றைத் தொட்டு, கவ்வி, கையால் துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையை. இது எந்த வெளிநாடு?

பாட்டி: சரிப்பா, ஒரு ஸ்பூன்தானே. ஆனா அடம்பிடிச்சா ரெண்டு தட்டு தட்டினாத்தான் வழிக்கு வரும்.

வேண்டாம்மா. அடிக்குப் பயந்து விழுங்கும் பிள்ளைக்கு சோற்றைக் கண்டாலே அடி நினைவுக்கு வரும். அழும் வாயில் ஊட்டாதீர்கள், யாரும்.

கைக்குழந்தையின் அம்மா: படுக்கவச்சு, மூக்கைப் பிடிச்சு பாலாடையில புகட்டச் சொல்றாங்க.

கூடவே கூடாது. மூக்கை அடைத்தால் குழந்தை வாயால் மூச்சிழுக்கும், பாலும் சேர்ந்து நுரையீரலுக்குப் போகும். பாலாடை நல்ல சாதனம்தான். தலையை உயர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்கியபின் அடுத்தது.

மூன்று பேர்: காய் சாப்பிட மாட்டேங்குறான் / கீரை தொடமாட்டேங்குறா / காயை மட்டும் துப்புறான்.

மூவருக்கும் ஒரே பதில். புதுக் காயைப் பிள்ளை ஏற்க பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்க்க வேண்டியிருக்கும். நீங்கள் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறீர்கள். ஒரு துண்டு வையுங்கள். சாப்பிடு என்று சொல்லாதீர்கள். நீங்களும் அதையே சாப்பிடுங்கள்.

ஆட்டிசம் உள்ள 5 வயசுப் பையனோட அம்மா: இட்லி, தயிர்சாதம், ஒரே ஒரு பிராண்ட் பிஸ்கட். வேற எதுவும் இல்ல.

இது அடமல்ல. அவனுக்கு ருசி, மணம், பதம் எல்லாம் நம்மைவிடக் கூர்மையாகத் தெரியலாம். அந்த மூன்றையும் பறிக்காதீர்கள், அவற்றுக்குள் எதையும் ஒளித்துக் கலக்காதீர்கள்; கண்டுபிடித்தால் இட்லியையும் விட்டுவிடுவான். இட்லியிலிருந்தே நகருங்கள்: சின்ன இட்லி, பிறகு ரவா இட்லி, பிறகு லேசாகச் சுட்ட இட்லி. ரத்தப் பரிசோதனையும், தொடுவது, ருசிப்பது போன்றவற்றுக்குப் பிள்ளையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டும் அவசியம்.

ஒன்றரை வயசுக்காரனோட அப்பா: சோறே வேணாம்ங்குறான். பால் மட்டும் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்.

பால்தான் காரணம். அரை லிட்டருக்குள் கொண்டுவாருங்கள். ஹீமோகுளோபினும் பாருங்கள், அதிகப் பாலால் இரும்புச்சத்து குறையும், அது குறைந்தால் பசியும் குறையும்.

மறுபடி ஒருவர்: காய் சாப்பிட…

மேலே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஓர் அம்மா: பெக் டியூப் இப்பத்தான் கழண்டு வெளிய வந்துடுச்சு. நாளைக்குக் காலையில போனா போதுமா?

போதாது. துளை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பிக்கும். சுத்தமான துணியால் மூடி, கழன்ற டியூபையும் எடுத்துக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போகும் வழியில் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.